கலைப்பில் வெளிப்படும் மோசடி: இயக்குநரிடம் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு?

ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள் உண்மையாகவே வெளியார் கைக்கு வருவது பெரும்பாலும் அது நொடித்துப்போன பிறகுதான். வராத சரக்குக்கு எழுதிய பட்டியல், இயக்குநரின் உறவினர் நடத்தும் நிறுவனத்துக்குப் போன முன்பணம், வங்கிக் கடன் வந்த சில நாட்களிலேயே வேறு கணக்குக்கு மாறிய தொகை எல்லாம் அப்போதுதான் ஒரே மேசையில் சேர்கின்றன. அதற்குள் கம்பெனியின் கஜானா காலியாகியிருக்கும். எஞ்சி நிற்பது ஒரே கேள்வி: இயக்குநரின் சொந்தச் சொத்திலிருந்து இந்த இழப்பை ஈடுகட்ட முடியுமா? முடியும் என்றே இந்தியச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்கும் உரிமையை மிகச் சிலரிடம் ஒப்படைத்திருப்பதால், அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடுகிறது என்பது என் வாதம்.

கம்பெனி வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று 1896-இல் சாலமன் வழக்கில் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. அந்தப் பாதுகாப்பை மோசடிக்காரர்கள் கேடயமாக்கியபோது, இங்கிலாந்து 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மோசடி வணிகத்துக்கு வரம்பில்லாத சொந்தப் பொறுப்பைக் கொண்டுவந்தது. முதல் வழக்குகளில் ஒன்றான 1932-இன் லீச் சகோதரர்கள் வழக்கைப் பார்த்தாலே இதன் தேவை விளங்கும். கம்பெனி திவாலான நிலையில் இருப்பதை அறிந்தே அதன் இயக்குநர் கடனுக்குச் சரக்கு வாங்கினார். அந்தச் சரக்கு, அவருடைய பெயரிலேயே இருந்த கடன்பத்திரத்தின் ஈட்டுக்குள் வந்து விழுந்தது. அதாவது சரக்கு கொடுத்த வியாபாரியின் பணத்தில் இயக்குநருக்கு வரவேண்டிய கடன் பாதுகாப்பாயிற்று. திருப்பித் தர வழியில்லை என்று தெரிந்தும் கடன் வாங்குவதிலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தை ஊகிக்கலாம் என்றார் நீதிபதி மாம். ஆனால் மறு ஆண்டே, பேட்ரிக் லயன் வழக்கில், வணிக உலகம் உண்மையான அறக்கேடாகக் கருதும் நாணயமின்மை நிரூபிக்கப்பட வேண்டும் என்று அவரே எல்லையைச் சுருக்கினார். அந்தச் சுருக்கத்தின் விளைவை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, பிரிட்டனின் நொடிப்புச் சட்டத்தை ஆராய்ந்த கார்க் குழு 1982-இல் சுட்டிக்காட்டியது. அதன் பரிந்துரைப்படி, மோசடி எண்ணத்தை நிரூபிக்காமலேயே கவனக்குறைவுக்கு இயக்குநரைப் பொறுப்பாக்கும் பிரிவு 1986-இல் அங்கே வந்தது. பிஎச்எஸ் என்ற பெருங்கடைக் குழுமம் சரிந்ததன் தொடர்ச்சியாக, 2024 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் முன்னாள் இயக்குநர்கள் இருவரை 1.8 கோடி பவுண்டுக்குக் குறையாமல் தரச் சொன்னதற்கு அடிப்படை இந்தக் கவனக்குறைவு வணிகமும் கடமைத் தவறும்தான். மோசடி எண்ணத்தை நிரூபிக்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

இந்தியாவில் மோசடி வணிகத்தை 1956 கம்பெனிகள் சட்டத்தின் 542-ஆம் பிரிவு கையாண்டது, பின்னர் அதன் வழிவந்த 2013 சட்டத்தின் 339-ஆம் பிரிவு கையாள்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் இயக்குநர்களிடம் கண்டிப்பாகவே இருந்திருக்கிறது. சுப்ரீம் வங்கியின் கலைப்பு தொடர்பான டெண்டோல்கர் வழக்கில் (1973), நிர்வாகத்தோடு நெடுங்காலம் நெருங்கியிருந்த இயக்குநர், மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியக்கூடிய மோசடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு தப்ப முடியாது என்றது. நாணயமற்ற செயல் ஒன்றையும் அவர் தன் கையால் செய்ததாக நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பு அவரைச் சேரலாம். இறந்துபோன இயக்குநரின் வாரிசுகள்கூட, பெற்ற சொத்தின் அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைவிடத் தெளிவான கொள்கை வேறென்ன வேண்டும்?

சிக்கல் கொள்கையில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. 2016-இன் திவால் சட்டத் தொகுப்பு 66-ஆம் பிரிவில் இரு வழிகளை வைத்தது. முதல் உட்பிரிவு மோசடி எண்ணத்தோடு நடந்த வணிகத்துக்கு. அறிந்தே அதில் பங்குகொண்ட எவரும் கம்பெனியின் சொத்துக்குப் பங்களிக்க வேண்டும். இரண்டாவது, நொடிப்பைத் தவிர்க்க நியாயமான வாய்ப்பில்லை என்று அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டியிருந்தும், கடன் கொடுத்தோரின் இழப்பைக் குறைக்க உரிய கவனம் செலுத்தாத இயக்குநருக்கு. கார்க் குழுவின் சிந்தனை இங்கே தெரிகிறது.

ஆனால் 2016-இல் நிறைவேறிய வாசகத்தைக் கூர்ந்து படியுங்கள். முதல் உட்பிரிவு, கம்பெனியை மீட்க முயலும் தீர்வு நடைமுறையிலோ கலைப்பிலோ கண்டறியப்படும் மோசடியைப் பேசுகிறது, விண்ணப்பிப்பவராகவோ அந்த நடைமுறையை நடத்தும் தீர்வு நிபுணரை மட்டுமே சொல்கிறது. இரண்டாவது உட்பிரிவு கலைப்பைக் குறிப்பிடவே இல்லை. தீர்வு நடைமுறையின் காலத்தில் தீர்வு நிபுணர் தரும் விண்ணப்பம் என்பதோடு முடிகிறது. எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லாத எளிய வழி, மோசடி மிகத் தெளிவாகும் கட்டத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. இதோடு 339-ஐ ஒப்பிட வேண்டும். அங்கே கலைப்பாளர் மட்டுமல்ல, கடன் கொடுத்த எவரும், பங்களிப்புக் கடமையுள்ளவரும்கூடத் தீர்ப்பாயத்தை அணுகலாம். கடனைத் தீர்க்க முடியாமை என்ற காரணம் கம்பெனிகள் சட்டத்தின் கலைப்பிலிருந்து திவால் தொகுப்புக்கு இடம்பெயர்ந்தபோது, சிறு வியாபாரிகளும் தொழிலாளர்களும் அந்த உரிமையைப் பெருமளவு இழந்தார்கள். 

தீர்வு நிபுணர் தம் கடமையைச் செய்ய மாட்டாரா என்று கேட்கலாம். அவர் வேலை செய்யும் சூழலைப் பாருங்கள். ஆவணங்கள் பழைய நிர்வாகத்திடம், செலவுக்கான பணம் கடன் கொடுத்த வங்கிகளின் குழுவிடம். வழக்கு நீளும், வெற்றி உறுதியில்லை. ஈட்டுறுதி உள்ள வங்கிக்கு நிலமும் இயந்திரமும் விற்றால் போதும். பணம் பங்கிடும் வரிசையின் கீழே நிற்கும் பொருள் வழங்குநருக்கோ இயக்குநரின் சொந்தச் சொத்தைவிட்டால் வேறு கதி இல்லை. கேட்பதற்கு அதிகக் காரணம் உள்ளவரிடம் கேட்கும் உரிமை இல்லை. 2016-இன் வாசகப்படி தொகுப்பின் 47-ஆம் பிரிவு, குறைமதிப்பு விற்பனையை நிபுணர் முறையிடாவிட்டால் கடன் கொடுத்தவரே முறையிடலாம் என்கிறது. அதைவிடக் கொடிய மோசடிக்கு அந்த வழி இல்லாததற்கு நியாயம் காண முடியவில்லை.

யாரிடம் கேட்கலாம் என்பதிலும் இந்தியா பின்தங்குகிறது. 66-இன் கீழ் மூன்றாம் தரப்பினர்மீது பரிகாரம் கிடையாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் குளுக்ரிச் வழக்கில் கூறியது. 2025 மே மாதம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமோ பில்டா வழக்கில், மோசடி எனத் தெரிந்தே கம்பெனியோடு பரிவர்த்தனை செய்த வெளியாரும் பொறுப்பாவர் என்றது.

தமிழ்நாடு வேறொரு வழி காட்டியிருக்கிறது. 1990-களில் நிதி நிறுவனங்களிடம் சேமிப்பைப் பறிகொடுத்தவர்களுக்காக வந்த 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்தின் சொத்து போதாதபோது அதை நடத்தியவர்களின் சொத்தையும் முடக்க அனுமதிக்கிறது. 2011-இல் பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. முதலில் சொத்து முடங்கி, பிறகு விசாரணை நடக்கும் இந்த வரிசை முக்கியமானது. தீர்ப்பு வரும் நாளில் வீடும் நிலமும் மனைவி மக்கள் பெயருக்கு மாறியிருந்தால், ஆணை வெறும் காகிதம்தான்.

இப்படித் திறந்துவிட்டால் நேர்மையானவர்கள் இயக்குநராக வரத் தயங்குவார்கள் என்ற எதிர்வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. தொழில் தோற்பது குற்றமல்ல. ஆனால் அதே பொறுப்பில் இருப்பவரிடம் நியாயமாக எதிர்பார்க்கும் கவனமே 66-இன் அளவுகோல். சுயேச்சை இயக்குநரின் பொறுப்பையும் கம்பெனிகள் சட்டத்தின் 149(12) அவரது அறிவு, இசைவு, கவனம் ஆகியவற்றின் எல்லைக்குள் நிறுத்துகிறது. பழிவாங்கும் வழக்குகளைத் தடுக்க, தீர்ப்பாயத்தின் முன் அனுமதி போதும்.

ஆகவே நாடாளுமன்றம் 66-இன் இரு உட்பிரிவுகளிலும் கலைப்பாளரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். தீர்ப்பாயத்தின் அனுமதியோடு கடன் கொடுத்தவரும் தொழிலாளரும் விண்ணப்பிக்க இடம் தர வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்படும் நாளிலேயே இயக்குநரின் சொத்தை முடக்கும் அதிகாரத்தையும் தெளிவாக எழுத வேண்டும்.