இடம் மாற மறுத்தவர்

காற்பந்து என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாமாக் கடையில், பின்னிரவு மூன்று மணிக்கு, தே தாரிக் ஆறிப்போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அமெரிக்கர்கள் அதே பெயரில் ஆடும் இன்னொரு விளையாட்டை நான் வெகுகாலம் சட்டை செய்ததில்லை. 'கையால தூக்கிக்கிட்டு ஓடுறதுக்கு எதுக்குடா ஃபுட்பால்னு பேரு?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் நம் ஆராய்ச்சி அதோடு முடிந்துவிடும்.

என்னை அதற்குள் இழுத்தது ஒரு தோல்வி. 1993 ஜனவரி 3 அன்று, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே நடந்த ஆட்டம் அது. விருந்தாளியாக வந்திருந்த ஹியூஸ்டன் ஆய்லர்ஸ் அணி, மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் 35-3 என முன்னிலையில் இருந்தது. உள்ளூர் ரசிகர்கள் சிலர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். முடிவில் 41-38 என்று பஃபலோ ஜெயித்தது. பழைய ஒளிப்பதிவில் என் கண் ஜெயித்தவர்கள் பக்கம் போகவில்லை. ஹியூஸ்டனின் குவாட்டர்பேக், முப்பத்தாறு வயது வாரன் மூன் மீதே நின்றது. இந்த ஆள் யார் என்று தேடப்போய், ஒரு நாட்டின் நீண்ட கதைக்குள் மாட்டிக்கொண்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் 11 பேர். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னால் ஆட்டம் நிற்கும். அப்போது குவாட்டர்பேக் மற்றப் பத்துப் பேரையும் வட்டமாகக் கூட்டி, யார் எங்கே ஓடவேண்டும் என்று சொல்வார். பிறகு பந்து அவர் கைக்கு வரும். இரண்டு, மூன்று விநாடிதான். அதற்குள் எதிரணியின் தற்காப்பு எப்படி நிற்கிறது, அதில் எது பாசாங்கு, நம் ஆளில் யார் தனியாக ஓடுகிறார் என்று படித்துவிட்டு எறியவேண்டும். தாமதித்தால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் வந்து மேலே விழுவார்கள். குவாட்டர்பேக்தான் அணியின் மூளை என்பது அங்கே சாதாரணப் பேச்சு. வினை அந்தப் பேச்சில்தான் இருந்தது.

1920-இல் என்.எஃப்.எல். தொடங்கியபோது ஃபிரிட்ஸ் போலர்ட் போன்ற ஒரு சில கறுப்பர்கள் ஆடினார்கள். 1934 முதல் 1945 வரை ஒருவர்கூட இல்லை. எழுதப்படாத தடை. 1946-இல் கதவு திறந்தது, ஆனால் உள்ளே இன்னொரு கதவு இருந்தது. கறுப்பர் ஓடலாம், பந்தைப் பிடிக்கலாம், மோதலாம், விழலாம். மற்றவர்களுக்குத் திட்டம் சொல்லும் இடம் மட்டும் வெள்ளையருக்கு. 1953-இல் வில்லி த்ரோவர் என்ற கறுப்பர் சிகாகோ பேர்ஸ் அணிக்காகக் கொஞ்ச நேரம் அந்த இடத்தில் நின்றார், அவ்வளவுதான். 1968-இல் டென்வரில் மார்லின் பிரிஸ்கோவுக்கு வாய்ப்பு கிடைத்தது, அதுவும் மற்றவர்கள் காயம்பட்டுக் கிடந்ததால். அந்த ஒரு பருவத்தில் 14 டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தார். அடுத்த ஆண்டு அவரைக் குவாட்டர்பேக் கூட்டங்களுக்கே அழைக்கவில்லை. அவர் விலகிப் பஃபலோ அணிக்குப் போனார், அங்கே பந்தைப் பிடிப்பவராக ஆக்கினார்கள். அதிலும் அவர் சிறந்து விளங்கினார் என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாத இடம். 'பாத்தியா, இடத்தை மாத்தினதும் நல்லாத்தானே ஆடுறான்' என்று சொல்பவர்களுக்கு அது வசதியாகப் போயிருக்கும்.

மூன் பிறந்தது 1956-இல், லாஸ் ஏஞ்சலஸில். ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா தாதி. ஆறு சகோதரிகளுக்கு நடுவே ஒரே பையன், சமையலும் தையலும் தெரிந்த பையன். வேலைக்கும் போகவேண்டியிருந்ததால், பள்ளியில் ஒரே ஒரு விளையாட்டுதான் ஆடமுடியும் என்று முடிவெடுத்தான். அந்த ஒன்றில் ஒரே ஓர் இடம்தான் வேண்டும் என்றும்.

பல்கலைக்கழகங்கள் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. 'வா, ஆனால் வேறு இடத்தில் ஆடு' என்றார்கள். இதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். மூனின் வாழ்க்கையில் நிறவெறி பெரும்பாலும் முகத்தில் அறைந்து கதவைச் சாத்தவில்லை. தோளில் கைபோட்டு, அக்கறையாக, 'தம்பி, உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்' என்று பேசியது. அவர் ஒரு சிறிய ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு ஆடினார். பிறகு சியாட்டலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் டான் ஜேம்ஸ் அவரைக் குவாட்டர்பேக்காகவே எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு ஆண்டுகள் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். அணியும் சுமார்தான். மூன்றாம் ஆண்டு நிலைமை திரும்பியது. 1978 ஜனவரி 2 அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில் மிச்சிகனை 27-20 என வென்றார்கள். மூன் ஆட்ட நாயகன்.

ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். டிராஃப்ட் என்பார்கள். 1978-இல் 12 சுற்று, 334 பெயர்கள். ரோஸ் பவுல் நாயகன் பெயர் அதில் இல்லை. தேர்வு நெருங்கும்போது மூனின் காதுக்கு வந்ததெல்லாம் பழைய பல்லவிதான்: இடத்தை மாற்றிக்கொள், இல்லையென்றால் கடைசிச் சுற்றுகளில் பார்க்கலாம். டிராஃப்ட் நடப்பதற்கு முன்பே அவர் கனடாவின் எட்மன்டன் அணியோடு கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே ஏட்டில் அவரை யாரும் நிராகரிக்கவில்லை. அவராகத்தான் போனார்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். அதே 1978 டிராஃப்டில் டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பின குவாட்டர்பேக்கை டாம்பா பே அணி முதல் சுற்றில், 17-ஆவதாக எடுத்ததே? உண்மைதான். ஐந்தாண்டுகளில் அந்த நோஞ்சான் அணியை மூன்று முறை இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குக் கொண்டுபோனார். அவருக்குக் கொடுத்த சம்பளமோ மற்ற அணிகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று குவாட்டர்பேக்குகள் பலர் வாங்கியதைவிடக் குறைவு. உயர்த்திக் கேட்டார், கொடுக்கவில்லை, விலகினார். 1988 ஜனவரி 31 அன்று வாஷிங்டன் அணிக்காக சூப்பர் பவுலில் இறங்கி, இரண்டாம் பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் எறிந்து 42-10 என ஜெயித்துக்கொடுத்தார். ஒருவரை உள்ளே விட்டுவிட்டதால் வாசல் திறந்துவிட்டதாக ஆகாது என்பதற்கு மூனைவிட வில்லியம்ஸே நல்ல உதாரணம்.

கனடா அப்போதே இப்படிப்பட்டவர்களின் புகலிடம். டொலீடோ பல்கலைக்கழகத்தில் ஆடிய 35 ஆட்டங்களிலும் தோற்காத சக் ஈலி 1972-இல் டிராஃப்டில் எடுக்கப்படாமல் ஹாமில்டனுக்குப் போனார், அந்த ஆண்டே கோப்பையை வென்றார். கனடிய ஆட்டத்தில் மைதானம் பெரியது. பத்து யார்டுக்கு மூன்றே வாய்ப்பு. எறியத் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பு அதிகம். மூன் அங்கே பயிற்றுநர் ஹியூ கேம்பலிடம், மூத்தவர் டாம் வில்கின்சனோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு, தொழில் கற்றார். 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து முறை எட்மன்டன் கிரே கோப்பையை வென்றது. 1982-இல் மூன் எறிந்தது சரியாக 5,000 யார்டு, அடுத்த ஆண்டு 5,648. தொழில்முறை ஆட்டத்தில் ஒரே பருவத்தில் ஐயாயிரத்தைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

நடுவே ஒன்று. மூனுக்கு அடைக்கலம் கொடுத்த அந்த அணியின் அன்றைய பெயர் எஸ்கிமோஸ். இனுயிட் மக்கள் பலர் தங்களை அப்படி அழைப்பதை ஏற்பதில்லை. அந்தப் பெயரை அணி கைவிட 2020 வரை ஆனது. ஒருத்தனுக்குப் புகலிடமாக இருக்கும் வீட்டின் பெயர்ப்பலகை இன்னொருத்தனைக் குத்தும். வரலாற்றைப் படிக்கும்போது இப்படி அடிக்கடி தலை சுற்றும்.

1984-இல், திரும்பிப் பார்க்காமல் இருந்த என்.எஃப்.எல். அணிகளே போட்டிபோட்டுக்கொண்டு வந்தன. மூன் ஹியூஸ்டனைத் தேர்ந்தெடுத்தார். கேம்பலையும் அந்த அணி பயிற்றுநராக எடுத்திருந்தது. முதல் பருவம் 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த இரண்டும் 5-11. மைதானத்தில் தன் பிள்ளைகள் காதுபட இனவசை விழுந்ததை மூன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1987-இலிருந்து ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அணி இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குப் போனது. 1990 டிசம்பர் 16 அன்று கேன்சஸ் சிட்டியில் ஒரே ஆட்டத்தில் 527 யார்டு எறிந்தார்.

ஹியூஸ்டன் அப்போது கையாண்ட முறைக்கு 'ரன் அண்ட் ஷூட்' என்று பெயர். நான்கு பேர் பந்தைப் பிடிக்க ஓடுவார்கள். ஓடும் வழியை முன்கூட்டியே முழுசாக முடிவுசெய்வதில்லை. எதிரணி நகர்வதைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே வழியை மாற்றுவார்கள். எறிபவரும் அதே கணத்தில் அதையே படித்திருக்கவேண்டும், இல்லையென்றால் பந்து வெற்றிடத்துக்குப் போகும். கறுப்பருக்கு அந்த இடத்தில் யோசிக்க வராது என்று பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நம்பிய லீக்கில், குவாட்டர்பேக்கின் யோசனையையே அதிகம் நம்பிய ஆட்டமுறையை நடத்திக்கொண்டிருந்தவர் மூன்.

அப்புறம் அந்த பஃபலோ நாள். முதல் பாதியில் மூன் நான்கு டச்டவுன் எறிந்தார். எதிரணியில் நட்சத்திர குவாட்டர்பேக் ஜிம் கெல்லி காயத்தால் இல்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் ஃபிராங்க் ரைக். மூன்றாம் பகுதியிலேயே பஃபலோ நான்கு டச்டவுன் போட்டு 35-31 வரை வந்துவிட்டது. மூன் விடவில்லை, கடைசி நேரத்தில் அணியைக் கொண்டுபோய்ச் சமன்செய்யும் தூரத்தில் நிறுத்தினார். 38-38. கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த பந்தை நேட் ஓடம்ஸ் பறித்தார். ஸ்டீவ் கிறிஸ்டி 32 யார்டிலிருந்து உதைத்தார். முடிந்தது. 32 புள்ளிகள் பின்தங்கி மீண்ட அந்தச் சாதனை 2022 டிசம்பர் வரை நின்றது.

எண்களை வைத்துப் பார்த்தால் பழி மூன் மேல் விழுந்திருக்கக்கூடாது. 50 முறை எறிந்து 36 கைக்குப் போய்ச் சேர்ந்தவை, 371 யார்டு. வேலை போனதும் தற்காப்புப் பயிற்றுநருக்குத்தான். ஆனால் 'பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர்' என்ற முத்திரை குவாட்டர்பேக் மேல்தான் ஒட்டும். அது எல்லாக் குவாட்டர்பேக்குகளுக்கும் பொது என்பார்கள். சரி. ஆனால் வெள்ளையர் ஒருவர் தோற்றால் அவர் மட்டும் தோற்றார். மூனோ தன் இனத்துக்காகவும் சேர்த்தே ஆடவேண்டியிருந்த பாரத்தைப் பற்றிப் பிற்பாடு வெளிப்படையாகப் பேசியவர். பதிவைப் பார்க்கும்போது, பந்து பறிபோன அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது பிரிஸ்கோதான்.

ஒருவரைப் பற்றி எழுதும்போது அவரைச் சாமியாக்கிவிடுவது நம் வழக்கம், அதனால் இதையும் சொல்லவேண்டும். 1995-இல் மனைவியைத் தாக்கிய வழக்கில் மூன் கைதானார். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 1996-இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. தீர்ப்பு அப்படி, ஆனால் மன்னிப்புக் கேட்டதும் அவரேதான். அவருடைய சாதனைகளின் பட்டியலைப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கிறேன்.

ஹியூஸ்டன் 1994-இல் அவரை விட்டது. மினசோட்டா, சியாட்டல், கேன்சஸ் சிட்டி என்று போய், 44 வயதில் ஓய்வுபெற்றார். என்.எஃப்.எல்.-இல் 49,325 யார்டு. அன்றைக்கு அந்தப் பட்டியலில் மூன்றாம் இடம். கனடாவில் எறிந்த 21,228 அதில் சேராது. சூப்பர் பவுல் ஒன்றில்கூட ஆடவில்லை.

2006 ஆகஸ்டில் ஓஹையோவின் கேன்டன் நகரில் உள்ள புகழ்க்கூடத்தில் அவர் சேர்க்கப்பட்டார். அந்த இடத்தை அடைந்த முதல் கறுப்பின குவாட்டர்பேக். தன்னை வெறும் குவாட்டர்பேக்காகப் பார்ப்பதையே விரும்புவதாகவும், இந்த 'முதல்' என்ற அடைமொழி தனக்குச் சங்கடம் தருவதாகவும் மேடையில் சொன்னார். சொல்லிவிட்டு, தனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர்களை நினைவுகூர்ந்தார். வில்லி த்ரோவர் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார்.

2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் முதன்முறையாக இரு அணிகளின் குவாட்டர்பேக்குகளும் கறுப்பர்கள்: பேட்ரிக் மஹோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ். நமக்கு அது திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். மார்லின் பிரிஸ்கோ அதைப் பார்க்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், 2022 ஜூனில், இறந்துபோயிருந்தார்.