காவிரிக் கரையில் ஒரு பெண்கள் கட்சி



போன மார்கழியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நம் கம்யூனிட்டி ஹாலில் திருப்பாவை பாடினோமே, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முதல் நாள் ஒன்பது பேர் வந்தோம். போகிக்குள் பதினான்கு பேர் ஆனோம். தை பிறந்ததும் பாட்டு நின்றுவிட்டது. "ஏன் நிறுத்தணும்? புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் சேர்ந்து பாடலாமே" என்று ஏ பிளாக் மாமி ஒருவர் ஆரம்பித்தார். அதிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். ஹாலை வாரா வாரம் ஒரே குழுவுக்குக் கொடுக்கலாமா, சத்தம் வராதா, பிறந்தநாள் விழா புக்கிங் வந்தால் என்ன செய்வது என்று பல கேள்விகள். நியாயமான கேள்விகள்தான். ஒருவர் மட்டும், "நாலு லேடீஸ் பாட ஹால் எதுக்கு, வீட்டிலேயே பாடலாமே" என்று எழுதியிருந்தார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதைப் படித்ததும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கதை ஞாபகம் வந்தது. முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாகப் பேரேடு பார்த்தவள் நான். எந்தக் கதையைக் கேட்டாலும் பணம் யார் போட்டார்கள், சொத்து யார் பேரில் இருந்தது என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்தக் கதையையும் அப்படியே சொல்கிறேன்.

தை மாதம் பகுள பஞ்சமி அன்று திருவையாற்றில் நடக்கும் தியாகராஜ ஆராதனையை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஆண்களும் பெண்களும் வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து ஒரே குரலாகப் பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவார்கள். எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. ஒரு காலத்தில் அந்தச் சன்னிதியில் பெண்கள் பாடக் கூடாது.

தியாகராஜர் 1847 ஜனவரி 6-ஆம் தேதி சித்தியடைந்தார். கடைசியில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். சீடர்கள் அவரவர் ஊரில் திதி கொண்டாடினார்களே தவிர, சமாதியைக் கவனிப்பவர் இல்லாமல் அது சிதிலமானது. 1903-இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் சீர்செய்தார்கள். அதன்பின் சில ஆண்டுகளில் அங்கே ஆராதனை தொடங்கியது. தொடங்கிய வேகத்திலேயே இரண்டாகப் பிரிந்தது. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர் ஒரு பக்கம், பஞ்சு பாகவதர் இன்னொரு பக்கம். ஊரார் அதற்குப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பேர் வைத்தார்கள். அரசியல் கட்சி என்று எண்ணிவிடாதீர்கள், அந்த நாளில் கோஷ்டிக்கே கட்சி என்றுதான் பேர். இரண்டு கட்சிகளுக்கும் எதிலும் ஒத்துப்போகவில்லை. பெண்களைப் பாட விடுவதில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

இந்த இடத்தில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார்.

1878-இல் மைசூர் பக்கம் நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் வந்த புட்டலட்சுமி என்பவருக்குப் பிறந்தவர். சின்ன வயதில் தாயை இழந்தார். சமஸ்கிருதம், கன்னடம், தெலுங்கு, பாட்டு, நடனம் எல்லாம் கற்றார். பெங்களூரில் பேர் வாங்கிய பின் சென்னைக்கு வந்தார். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதித்த பாடகி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வரி கட்டினார் என்றால் கணக்கும் வைத்திருந்தார் என்று அர்த்தம். அதனால் எனக்கு அவரை இன்னும் பிடிக்கும்.

எதிர்ப்பு அவருக்குப் புதிதல்ல. தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனம் என்ற காவியத்தை 1910-இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்தது. நாடு விடுதலையாகும் சமயத்தில்தான் அந்தத் தடை நீங்கியது.

1921-இல், தியாகராஜர் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா கடிதம் எழுதினார். நாகரத்தினம்மாளுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. நேரே திருவையாறு போனார். நிலத்துக்கு உரியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி இடத்தை வாங்கினார். அந்த ஆண்டே அக்டோபரில் அஸ்திவாரம் போட்டார்கள். சன்னிதி எழுந்து, 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. செலவு பெரும்பாலும் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

இப்போது பேரேட்டைப் பாருங்கள். நிலம் வாங்கியது அவர், கட்டடம் அவர் பணம். ஆனால் ஆராதனை நாளில் பெரிய கட்சி பாடும், சின்னக் கட்சி பாடும். கட்டிய அம்மாள் பாடக் கூடாது. அவர் பெண், அதிலும் தேவதாசி. உங்கள் பணத்தில் கட்டிய வீட்டில் உங்களை வாசலில் நிற்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

நாகரத்தினம்மாள் சண்டையோடு நிற்கவில்லை. 1927-இல் மூன்றாவதாக ஒரு கட்சியைத் தொடங்கினார். பெண்கள் கட்சி! மற்ற இருவரும் முன்னால் பாடட்டும் என்று விட்டுவிட்டு, சன்னிதியின் பின்புறத்தில் பெண்களைக் கூட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். வந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப்போல் தேவதாசி மரபில் வந்த பாடகிகள். அதே காலத்தில் தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டுக்கொண்டிருந்தார். அந்த முயற்சியை நாகரத்தினம்மாள் எதிர்த்தார். யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கம் போக வேண்டியதுதான். ஆனால் அதோடு தங்கள் கலையும் மரியாதையும் போய்விடுமோ என்று அந்தப் பெண்கள் பயந்ததும் உண்மை. அப்படிப்பட்ட நேரத்தில், சன்னிதிக்குப் பின்னால் சேர்ந்து உட்கார்ந்து பாடிய அந்தச் சில நாட்கள் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்கள் கட்சி வருஷா வருஷம் நடந்தது. ஒரு ஊரில், ஒரே மகானுக்கு, ஒரே சமயத்தில் மூன்று ஆராதனை. கேட்க வருபவர்களுக்கே தர்மசங்கடம். கடைசியில் 1940-41 வாக்கில் பெரியவர்கள் பேசி மூன்றையும் ஒன்றாக்கினார்கள். ஸ்ரீ தியாகபிரம்ம மகோத்சவ சபை என்ற ஒரே அமைப்பு வந்தது. எல்லோரும் சேர்ந்து பாட என்ன பாடுவது என்ற கேள்விக்குப் பஞ்சரத்தினம் பதிலானது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் ஐந்து கீர்த்தனைகள். பெண்களும் உட்கார்ந்து பாடினார்கள். பதினான்கு வருஷம் பின்புறத்தில் இருந்தவர்கள் முன்புறத்துக்கு வந்தார்கள்.

அம்மாள் அதோடும் விடவில்லை. தம் சொத்தை ஒரு டிரஸ்ட் மூலம் சன்னிதிக்கே எழுதி வைத்தார். பெண்கள் அங்கே தடையில்லாமல் பாட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தார். இன்றைய நிர்வாகி நல்லவர், நாளைக்கு வருபவர் எப்படியோ, எதற்கும் எழுத்தில் இருக்கட்டும் என்ற எண்ணம். இதை எங்கள் வங்கியில் பழைய மேனேஜர்கள் தினமும் சொல்வார்கள். கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து, 1952 மே மாதம் காலமானார். தியாகராஜர் சன்னிதிக்கு எதிரிலேயே அவருக்கும் நினைவிடம் இருக்கிறது. அடுத்த முறை போனால் அங்கேயும் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 'பார்பர்ஷாப்' பாட்டு என்று ஒன்று உண்டு. சலூனில் முறை வரும்வரை காத்திருந்தவர்கள் சேர்ந்து பாடிய வழக்கத்தால் வந்த பேர். கறுப்பின மக்களிடையே வேர்விட்ட பாணி அது. வாத்தியம் கிடையாது, நான்கு குரல்கள்தான். ஒரு குரல் மெட்டைப் பாடும், ஒன்று அதற்கு மேலே போகும், மற்ற இரண்டும் கீழிருந்து தாங்கும். நாம் எல்லோரும் ஒரே சுரத்தில் பாடுகிறோம். அவர்கள் ஒரே சமயத்தில் நான்கு சுரத்தில் பாடுகிறார்கள். நான்கும் சரியாகச் சேர்ந்தால் ஐந்தாவதாக யாரோ பாடுவதுபோல் ஒரு ரீங்காரம் கேட்கும்.

1938-இல் ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் ஓ.சி. கேஷ், ரூபர்ட் ஹால் என்ற இருவர் நண்பர்களைக் கூப்பிட்டு இதற்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆண்களுக்கு மட்டும். வீட்டுக்காரர்கள் பாடிவிட்டுச் சந்தோஷமாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழு வருஷம் பொறுத்தார்கள். 1945-இல் அதே டல்சாவில் எட்னா மே ஆண்டர்சன் என்ற பெண்மணி சில தோழிகளைக் கூட்டி 'ஸ்வீட் அடலைன்ஸ்' என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் இருக்கிறது. ஆண்கள் சங்கம் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 2018-இல்தான். எண்பது வருஷம்!

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தப் பெண்கள் சங்கமே வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு விதி வைத்திருந்தது. அதைப் பொறுக்காத சில கிளைகள் வெளியேறி 1959-இல் 'ஹார்மனி' என்ற வேறு சங்கம் கண்டன. சில வருஷம் கழித்து முதல் சங்கமும் அந்த விதியை எடுத்தது. கதவுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்ததும் இன்னொருவருக்குக் கதவைச் சாத்துவது உலகம் முழுக்க நடக்கிறது. நாமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இனி நம் செம்பாக்கத்துக்கு வருகிறேன்.

வேளச்சேரி மெயின் ரோட்டு இரைச்சலைத் தாண்டி, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றைக் குரலில் பாடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கணவர் போனபின் இரண்டு வருஷம் நான் அதைத்தான் செய்தேன். பாட்டு வரும், பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும், நிறுத்திவிடுவேன். மார்கழியில் ஹாலில் பாடியபோதும் ஒரு நாள் தொண்டை அடைத்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள், இரண்டு வரி கழித்து நான் சேர்ந்துகொண்டேன். "வீட்டிலேயே பாடலாமே" என்று கேட்டவருக்கு என் பதில் இவ்வளவுதான்.

நாங்கள் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். புதன்கிழமை மாலை 5 முதல் 6 வரை. மைக், ஸ்பீக்கர் கிடையாது. ஒரு சுருதிப் பெட்டி போதும். அந்தத் தேதியில் விழா புக்கிங் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். பாட்டுத் தேர்வு, பரீட்சை எதுவும் இல்லை. திருப்பாவை மட்டும்தான் என்றும் இல்லை. பி பிளாக்கில் கீர்த்தனைப் புத்தகத்தோடு தேவாலயம் போகும் அம்மாவும், சினிமாப் பாட்டு மட்டுமே தெரிந்த மருமகள்களும், நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் விருப்பமுள்ளவர்களும் வரலாம். கதவு விஷயத்தில் டல்சாவின் முதல் சங்கம் செய்த தவறு நமக்கு வேண்டாம். ஆண்கள் பாட வந்தால்? சுருதிதான் பிரச்சினை. உங்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை, எங்களுக்கு ஐந்து, ஐந்தரை. திருவையாற்றில் சமாளிக்கிறார்கள், நாமும் பிறகு பார்க்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரும் பொதுக்குழுவில் இந்தத் தீர்மானம் வரும்போது, "சரி, பாடிட்டுப் போங்க" என்று வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். கிழமையும் நேரமும் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். செகரட்டரி மாறுவார், கமிட்டி மாறும், நாங்களும் ஒருநாள் இருக்க மாட்டோம். அப்போது இங்கே குடிவரும் ஒரு பெண் புதன்கிழமை சாயங்காலம் ஹால் கதவைத் திறந்தால் உள்ளே பாட்டுக் கேட்க வேண்டும்.

மினிட்ஸ் எழுத ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.