ஒரு நாளில் பல திருநாள்கள்



திருவிழாக் காலம் நெருங்கும்போது ஆலய அலுவலகத்தில் அடிக்கடி ஒலிக்கும் வினாக்கள் இரண்டு. "இவ்வாண்டு தைப்பூசம் என்று வருகிறது?" என்பது முதல் வினா. "அன்று விடுமுறை உண்டா?" என்பது அடுத்த வினா. இரண்டும் ஒரே மூச்சில் கேட்கப்படுவதால் இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து விடை வருவதாக நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். முதல் வினாவுக்கு விடை தருவது வானம். இரண்டாம் வினாவுக்கு விடை தருவது அரசாங்கம். இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான், பல சமயத்தவர் வாழும் ஜொகூரில் ஒரே நாளில் இரண்டு திருநாள்கள் வந்து சேர்வது ஏன் என்பதும், அந்நாளில் நம் கடமை யாது என்பதும் தெளிவாகும்.

வானம் ஒன்று, கணக்கு மூன்று

ஜொகூர் பாரு நகரின் மையத்தில் துருஸ் சாலையையும் அதனை ஒட்டிய பகுதியையும் சுற்றி வருவோர் ஓர் அரிய காட்சியைக் காணலாம். சீனர்களின் ஜொகூர் பழைய கோயில், சீக்கியர்களின் குருத்துவாரா, உங்கு புவான் சாலையில் நம் அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயம் ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. சற்று அப்பால், கடலை நோக்கியபடி 1900ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல் நிற்கிறது. இவ்வழிபாட்டுத் தலங்கள் யாவும் ஒரே சூரியனையும் ஒரே சந்திரனையும் கொண்டே தத்தம் திருநாள்களைக் கணிக்கின்றன. கணிக்கும் முறைகள் மட்டுமே வேறு.

தமிழ் மாதம் சூரியனைத் தொடர்வது. சூரியன் மேட இராசியில் புகும் நாள் சித்திரை முதல் நாள். மகர இராசியில் புகும் நாள் தை முதல் நாள். மாதத்தைச் சூரியன் வகுக்க, அம்மாதத்துள் வரும் திருநாளைச் சந்திரன் நிற்கும் நட்சத்திரமும் திதியும் வகுக்கின்றன. சீனர் கணக்கில் மாதம் அமாவாசையில் தொடங்கும். பருவங்களோடு அது முரண்படாதிருக்க, சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படும். இஸ்லாமிய ஆண்டு முற்றிலும் பிறையையே சார்ந்தது. அதில் கூடுதல் மாதம் இல்லை. ஆகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்கள். ஒவ்வோர் ஆண்டும் பெருநாள் சுமார் 11 நாள்கள் முன்னதாக வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறது.

சூரியனை மட்டும் கொண்டு கணிக்கப்பட்ட நாள்கள் ஆண்டுதோறும் பிரியாமல் சேர்ந்தே வரும். சித்திரைப் புத்தாண்டும், சீக்கியரின் வைசாகியும், மலையாளிகளின் விஷுவும், இலங்கைச் சிங்களரின் புத்தாண்டும் ஏப்ரல் 14ஐ ஒட்டியே அமைவதற்குக் காரணம் இதுவே. சந்திரனும் கணக்கில் சேரும்போதுதான் கூடுவதும் பிரிவதும் நேர்கின்றன.

பௌர்ணமி தரும் உறவு

தை மாதத்தில் சூரியன் மகரத்தில் இருக்கிறான். பௌர்ணமி நிலவு சூரியனுக்கு நேரெதிரே நிற்பது. ஆதலால் தை மாதப் பௌர்ணமி நிலவு கடக இராசியில் நிற்க வேண்டும். பூச நட்சத்திரம் அமைந்திருப்பதும் அந்தக் கடகத்திலேயே. இதனால் தைப்பூசம் பெரும்பாலும் பௌர்ணமியன்றோ அதனை ஒட்டியோ வருகிறது.

சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடைப்பட்ட ஓர் அமாவாசை நாளில் பிறக்கிறது. அதன் பதினைந்தாம் இரவே சாப் கோ மே. அதுவும் முழுநிலவு இரவு. மணமாகாத மகளிர் ஆரஞ்சுப் பழங்களை நீரில் எறிந்து நல்ல வாழ்க்கைத் துணையை வேண்டும் வழக்கத்தால் மலேசியர் அனைவரும் அறிந்த இரவு அது. சீனப் புத்தாண்டு ஜனவரியின் பிற்பகுதியில் பிறக்குமாயின், அதன் பதினைந்தாம் நாள் பெரும்பாலும் நம் தை மாதம் முடிவதற்குள் வந்துவிடும். அப்பொழுது அவர்களுடைய நிலவும் நம்முடைய நிலவும் ஒன்றே.

2020ஆம் ஆண்டில் இவ்வாறே நிகழ்ந்தது. ஜனவரி 25 சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 8 சாப் கோ மே, அன்றே தைப்பூசம். 2023இலும் ஜனவரி 22இல் சீனப் புத்தாண்டு பிறந்து, பிப்ரவரி 5ஆம் நாள் இரு திருநாள்களும் ஒன்றாயின. 2025இல் சாப் கோ மே பிப்ரவரி 12. தைப்பூசம் அதற்கு முந்திய நாளான பிப்ரவரி 11. நிலவு ஒன்றாயினும், அவர்கள் அமாவாசையிலிருந்து நாளை எண்ணுகின்றனர். நாம் பூசத்தைப் பார்க்கிறோம். ஒரு நாள் இடைவெளிக்கு அதுவே காரணம். 2026இலோ சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17க்குத் தள்ளிப்போனதால், பிப்ரவரி 1இல் வந்த தைப்பூசம் அதனை முந்திக்கொண்டது.

இங்கு ஜொகூருக்கே உரிய சிறப்பொன்றைக் குறிப்பிட வேண்டும். ஜொகூர் பழைய கோயில், தியோசியூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனீஸ், ஹைனானீஸ் ஆகிய ஐந்து மொழிக் குழுவினரும் ஒன்றுகூடி வழிபடும் தலம். அதன் தெய்வ ஊர்வலத்தின் உச்சமான இரவுப் பவனி சீன ஆண்டின் முதல் மாதம் 21ஆம் நாள் நடைபெறுகிறது. தைப்பூசமும் சாப் கோ மேயும் ஒன்றாகும் ஆண்டுகளில், நம் காவடிக்கும் அவர்களின் பவனிக்கும் இடையே ஆறே நாள்கள். ஒரே மாநிலத்தில் ஒரே வாரத்திற்குள் இரு சமயத்தாரின் தெய்வங்கள் வீதியுலா வருகின்றன.

பௌத்தர்களோடும் நமக்கு இத்தகைய உறவு உண்டு. 2024 மே 22 மலேசியாவில் விசாக தினம்; அன்றே முருகப் பெருமானுக்குரிய வைகாசி விசாகம். இலங்கைப் பௌத்தர்கள் அவ்வாண்டு விசாகத்தை மறுநாள் கொண்டாடினர். ஒரே சமயத்தாரிடையேயும் நாடு மாறினால் நாள் மாறுவது புதுமையன்று. நம் பஞ்சாங்கங்களிலும் வாக்கியம், திருக்கணிதம் என இரு கணித முறைகள் உள்ளன. மேலும், தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1இல் அரை மணி நேரம் முன்னகர்த்தப்பட்டது முதல் நாம் இந்திய நேரத்தை விட இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கிறோம். அங்கு இரவு பத்து மணிக்கு முடியும் நட்சத்திரம் இங்கு நள்ளிரவைக் கடந்து முடிகிறது. தமிழகத்தில் அச்சிட்ட நாள்காட்டியை அப்படியே பின்பற்றாமல் நம் ஊர் நேரத்திற்குக் கணித்துக்கொள்ள வேண்டும் என்று அர்ச்சகர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

பிறைக்கு முன்னும் பின்னும்

தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்த ஆண்டுகள் நம் நினைவில் உள்ளன. 2004இல் நவம்பர் 11 தீபாவளி, 14 நோன்புப் பெருநாள். 2005இல் நவம்பர் 1 தீபாவளி, 3 பெருநாள். 2006இல் அக்டோபர் 21 தீபாவளி, 24 பெருநாள். 'தீபராயா' என்னும் சொல் நாடெங்கும் வழங்கிய காலம் அது. அதற்கு முன் 1996 முதல் 1998 வரை சீனப் புத்தாண்டும் பெருநாளும் இவ்வாறே அடுத்தடுத்து வந்தன.

கூர்ந்து நோக்கினால், இம்மூன்று ஆண்டுகளிலும் தீபாவளியே முந்தியது. அதற்குக் காரணம் உண்டு. நாம் எண்ணெய் நீராடுவது தேய்பிறைச் சதுர்த்தசியின் விடியலில். அமாவாசை அதன் பின்னர் வருவது. பெருநாளோ அமாவாசை கழிந்து இளம்பிறை தோன்றிய பின் பிறப்பது. இந்நாட்டில் அதனை ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் அறிவிக்கிறார். தேய்ந்து மறையும் நிலவின் கடைசிக் கீற்று நமக்கு. மீண்டும் தோன்றும் முதற் கீற்று அவர்களுக்கு. ஆகவே இவ்விரண்டும் அண்டை வீட்டார் போல் நெருங்கி வருமேயன்றி ஒரே நாளில் அமைவதில்லை. 2029 முதல் 2031 வரை சீனப் புத்தாண்டையும், 2037ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீபாவளியையும் நோன்புப் பெருநாள் மீண்டும் நெருங்கி வரும்.

நம் சூரியக் கணக்கும் அவர்களின் பிறைக் கணக்கும் ஒரே நாளில் சந்தித்ததும் உண்டு. 2014 ஜனவரி 14 நமக்குப் பொங்கல்; அன்றே நபிகள் நாயகத்தின் பிறந்தநாள். மறு ஆண்டே அவர்கள் நாள் முன்னே சென்றுவிட்டது. பொங்கல் தன் இடத்திலேயே நின்றது.

வெள்ளிக்கிழமையின் வரலாறு

ஆண்டுக்கொரு முறையன்றி, வாரந்தோறும் ஜொகூரில் இரு சமயத்தார் பகிர்ந்துகொள்ளும் நாளொன்று உண்டு. அது வெள்ளிக்கிழமை. முஸ்லிம்களுக்கு ஜும்ஆத் தொழுகை நாள். நமக்கு அம்மனுக்குரிய நாள். ஆடி வெள்ளியின் சிறப்பைச் சொல்லவும் வேண்டுமோ!

நான் தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்ற காலத்தில் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளிக்கிழமையே. 1994இல் அது மாறி, ஞாயிறு வார விடுமுறையாயிற்று. 2014 ஜனவரி 1 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறை நாள்களாயின. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. முப்பத்தோர் ஆண்டுகளில் மூன்று மாற்றங்கள்! வெள்ளி விடுமுறையாய் இருந்த ஆண்டுகளில் காலையிலேயே குடும்பத்தோடு ஆலயம் வர முடிந்தது. இன்று பலரும் வேலை முடிந்து மாலையில் வருகின்றனர். வருகின்ற நேரம் மாறினாலும் அம்மனின் வெள்ளி வெள்ளியாகவே இருக்கிறது.

விடுமுறையும் திருநாளும்

2023இலும் 2026இலும் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஆனால் ஜொகூரில் அவை இரண்டும் ஒன்றாகக் கழியவில்லை. 2023இல் ஞாயிறு இங்கு வேலை நாள். எனவே தைப்பூச நாளே விடுமுறையாயிற்று. திங்களன்று எல்லோரும் வேலைக்குச் சென்றோம். அதே ஆண்டு சிலாங்கூரில் திங்கட்கிழமை மாற்று விடுமுறையாயிற்று. 2026இல் ஞாயிறு இங்கும் வார ஓய்வு நாளாகிவிட்டதால் பிப்ரவரி 2, திங்கட்கிழமை நமக்கு மாற்று விடுமுறையாக அமைந்தது. அந்தப் பிப்ரவரி 1ஆம் நாளே கூட்டரசுப் பிரதேச தினமும் ஆகும்.

தனியார் துறையில் பணிபுரியும் நம்மவர் அறிய வேண்டிய செய்தியும் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் ஆண்டுக்குப் பதினொரு பொது விடுமுறைகளை உறுதி செய்கிறது. அவற்றுள் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயமானவை. மற்ற ஆறையும் முதலாளி தேர்ந்து, ஆண்டு பிறக்கும் முன்பே பணியிடத்தில் எல்லோரும் காணுமாறு அறிவிக்க வேண்டும். அந்த ஆறில் தைப்பூசம் இடம்பெறாமலும் போகலாம். இவ்விடுமுறைகளுள் ஒன்று வார ஓய்வு நாளிலோ மற்றொரு பொது விடுமுறையிலோ விழுந்தால், அடுத்த வேலை நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறை என்பதும் அச்சட்டத்தின் விதி. பாசிர் கூடாங் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் காவடி நேர்த்திக்காரர்கள் டிசம்பரிலேயே அவ்வறிவிப்பைப் படித்து, வேண்டுமாயின் ஆண்டு விடுப்புக்கு விண்ணப்பித்துவிடுவது நலம். விரதம் தொடங்கிய பின் விடுப்புக் கேட்டு அலைவது மனத்தைக் கலைக்கும்.

நம் கடமை

சட்டத்தில் 'மாற்று விடுமுறை' என்றொரு சொல் உண்டு. 'மாற்றுத் திருநாள்' என்றொரு சொல் நம் சமயத்தில் இல்லை. கூட்டம் சேர வேண்டும் என்பதற்காக நட்சத்திரத்திற்கும் திதிக்கும் உரிய விழாவை வசதியான ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளலாமே என்னும் யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. சொற்பொழிவு, அன்னதானம், கலைநிகழ்ச்சி ஆகியவற்றை அவ்வாறு அமைப்பதில் தவறில்லை. பூசத்தை அவ்வாறு நகர்த்தலாகாது. இம்மண்ணில் முப்பத்தோர் ஆண்டுகளில் வார விடுமுறையே மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. அதனைப் பின்தொடர்ந்து நம் விழாக்களையும் மாற்றியிருந்தால், இன்று எந்த நாள் எதற்குரியது என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்ல முடியும்? வானத்தைப் பற்றி நின்றதால்தான், தோட்டத்திலிருந்து நகரத்திற்குக் குடிபெயர்ந்த பின்னும் நம் திருநாள்கள் நம்மோடு வந்தன.

நம் நாளில் நாம் உறுதியாய் நிற்பதுபோல் பிறரும் தம் நாளில் உறுதியாய் நிற்பர். ஆகவே ஒரே நாளில் இருவருக்கும் விழா வரும்போது நாளைப் பிரிக்க இயலாது. நேரத்தையும் வீதியையும் பகிர்ந்துகொள்ளத்தான் இயலும். ஆலய நிர்வாகங்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தோடு சீன நாள்காட்டியையும் இஸ்லாமிய நாள்காட்டியையும் ஒப்புநோக்கி, தேர் புறப்படும் நேரத்தையும் அது செல்லும் வழியையும் அண்டை வழிபாட்டுத் தலத்தாருடன் கலந்து முடிவு செய்வது சிறப்பு. பெற்றோர் தம் பிள்ளைகளைப் பௌர்ணமி இரவில் வாசலுக்கு அழைத்து வந்து நிலவைக் காட்டி, "இந்த நிலவுதான் நமக்குத் தைப்பூசத்தையும் அடுத்த வீட்டாருக்குச் சாப் கோ மேயையும் கொண்டுவருகிறது" என்று எடுத்துரைக்க வேண்டும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் யாவரும் நலமும் வளமும் பெற்று வாழ்வோமாக.