ஹாங்காங் என்றால் போலியா?

பழைய பிளாஸ்டிக் போர்வீரனோ கௌபாயோ கைக்கு வந்ததும் சேகரிப்பாளர்கள் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது அடித்தட்டைத்தான். 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் அசல், 'ஹாங்காங்' என்றிருந்தால் நகல் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுபவர்கள் பலர். ஆனால் இந்தத் தொழிலின் வரலாறு அந்தத் தீர்ப்புக்கு ஒத்துவரவில்லை. அடித்தட்டு முத்திரை பெரும்பாலும் விற்றவரின் பெயரைத்தான் சொல்கிறது. செய்தவரை அறிய பொம்மையின் உடம்பைப் படிக்க வேண்டும்.

லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். உள்ளே பொள்ளலான ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையை 1893-ல் கொண்டுவந்து சந்தையைப் பிடித்த நிறுவனம் அது. போருக்குப் பின் பிளாஸ்டிக் பரவியபோது, சிற்பி ராய் செல்வின்-ஸ்மித் வடித்த ஹெரால்ட் பொம்மைகள் பெயர் வாங்கின. 1959-ல் ஹெரால்ட் நிறுவனத்தை பிரிட்டன்ஸ் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஈயம் குழந்தைகளுக்கு ஆபத்து என்ற எதிர்ப்பு வலுக்க, 1966-ல் ஈய வார்ப்பைக் கைவிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஹெரால்ட் உற்பத்தி ஹாங்காங்குக்குப் போனது. வடிவமும் உரிமையும் லண்டனுடையவை, உழைப்பு மட்டும் ஹாங்காங்குடையது. அந்தப் பொம்மைகளைப் போலி என்பது எப்படி? அக்காலத்து ஹாங்காங் சரக்குகள் பலவற்றில் 'எம்பயர் மேட்' என்று மட்டும் பொறித்திருப்பார்கள். ஊர்ப்பெயரை மறைத்து, சாம்ராஜ்யத்தின் பெயரைச் சொல்லி விற்கும் தந்திரம் அது. அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் இன்னொரு வகையில் குழப்புகிறது. லூயிஸ் மார்க்ஸ் 1972-ல் அதை குவேக்கர் ஓட்ஸுக்கு விற்றார். பின்னர் ஆலைகள் மூடப்பட்டன. அச்சுகளோ பிழைத்துக் கிடந்து, வேறு கைகளில் மறுபடி பொம்மைகளை வார்த்தன. அச்சில் பொறித்த பெயர், நிறுவனம் போன பிறகும் பொம்மையில் விழுந்துகொண்டேயிருக்கும்.

அப்படியென்றால் எதை நம்புவது? முதலில் அளவை. ஒரு பொம்மையையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்தால், அதில் ஊற்றிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதால் நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறுத்திருக்கும்; பித்தானும் கச்சையும் மழுங்கியிருக்கும். அடுத்து, பொருள். பாலித்தீன் தண்ணீரில் மிதக்கும்; செல்லுலோஸ் அசிட்டேட்டும் பாலிஸ்டைரீனும் மூழ்கும். அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் விழும் கோட்டைச் சீவியிருக்கிறார்களா, அப்படியே விட்டிருக்கிறார்களா என்பதும் ஒரு தடயம். பாலித்தீனில் வண்ணம் சரியாகப் பிடிக்காது, உரிந்துவிடும். அந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் டிம்போ நிறுவனம் வண்ணம் பூசாமல், வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வார்த்தது. ஆகவே நிறம் பூசியதா, வார்த்ததா என்று பார்த்தாலே சந்தேகம் பாதி தீரும்.

ஹாங்காங்கில் திருட்டு நகல்கள் ஏராளமாக வந்தது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். தலையும் இடுப்பும் கழற்றி மாற்றக்கூடிய பிரிட்டன்ஸின் 'ஸ்வாப்பெட்' வீரர்களை அங்கே தாராளமாக நகலெடுத்தார்கள். ஆனால் நகலெடுத்த ஊர் என்பதாலேயே அங்கே வார்த்ததெல்லாம் நகலாகிவிடாது. அளவும் நுணுக்கமும் அசலையும் நகலையும் பிரித்துக் காட்டிவிடும். ஹாங்காங் ஹெரால்டுகளின் வண்ணப்பூச்சு மட்டம் என்பது இரண்டாவது ஆட்சேபம். சந்தை அவற்றுக்குக் குறைந்த விலை வைப்பதில் தவறில்லை. ஆனால் விலை வேறு, அடையாளம் வேறு. செலவைக் குறைக்கவே கடல் கடத்திய வேலையில் பூச்சு மெலிந்தால், அதற்குப் பொறுப்பு வேலை கொடுத்தவருக்கும் உண்டு.

சேகரிப்பவர்கள் தங்கள் பட்டியலில் வடித்தவர், உரிமையாளர், வார்த்த ஊர் என்று மூன்று பத்திகள் போடட்டும். 'ஹாங்காங் நகல்' என்ற ஒற்றைச் சொல்லை, அளந்து பார்த்து நிரூபிக்க முடிந்த பொம்மைக்கு மட்டும் எழுதட்டும்.