கூலி: ஒரு சொல்லின் கப்பல் பயணம்

ஜொகூர் மாநிலத்துப் பண்டார் தெங்காராவின் செம்பனைத் தோட்டப் பகுதியில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஒரே சொல்லை மூன்று மொழிகளில் சந்திக்கிறான். மலாயில் ‘கூலி’ என்றால் ஆள். ஊதியத்துக்கு ‘உப்பா’ என்ற வேறு சொல் உண்டு. ஆங்கிலத்திலும் ‘கூலி’ ஆள்தான். தமிழிலோ அது ஆளன்று. உழைத்தவன் பெற வேண்டிய ஊதியம்.

தமிழில் இது பழஞ்சொல். திருக்குறளின் 619ஆம் பாட்டில், உடல் வருந்தி முயன்றதற்கு உரிய பயன் என்ற பொருளில் வள்ளுவர் இதனை ஆள்கிறார். ஆளைச் சுட்ட வேண்டின் கூலியாள், கூலிக்காரன் என்று சேர்த்துச் சொல்வதே தமிழ் மரபு.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, மேற்கிந்தியக் கோலி இனத்தாரின் பெயரே மூலம் எனக் கருதுகிறது; ஆயினும் தமிழிலும் கன்னடத்திலும் வழங்கும் ‘கூலி’ இம்முடிவுக்கு இடையூறாக நிற்பதை மறைக்கவில்லை. வில்சன் என்பாரோ அத்தென்னாட்டுச் சொல்லையே மூலமாகக் கொண்டார். இரண்டும் கலந்தே ஆங்கிலத்தில் நிலைத்தன என்பது பொருந்தும். சீனர் அவ்வொலியை எழுதத் தேர்ந்த இரண்டு எழுத்துகளுக்குத் துன்பம், வலிமை என்று பொருள். அவர்கள் பட்டறிந்து எழுதினார்கள் போலும்!

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீசியசுக்கும், நேட்டாலுக்கும், மலாயாவுக்கும் ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டோர் ‘கூலிகள்’ ஆயினர். ஊதியத்தின் பெயர் மனிதன்மேல் ஏறியது. பின்னர் ஓரினத்தின் மேலேயே ஏறியது. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். வழக்கறிஞராகச் சென்றவருக்கும் அப்பெயரிலிருந்து விலக்கில்லை! அங்குள்ள தமிழரைச் ‘சாமி’ என்று இகழ்ந்தபோது, சாமி என்றால் எசமானன். நான் உமக்கு எசமானன் அல்லனே என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு என அவர் ‘சத்திய சோதனை’யில் குறிக்கிறார். ‘கூலி’ என்ற வசைக்கு அப்படியொரு விடை எளிதில் கிடைக்கவில்லை.

மலாயாவில் இந்தியரை ஒப்பந்தத்தில் கொணரும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள் திரட்டுதலும் 1938இல் இந்திய அரசின் தடையால் முடிந்தது. சொல் அவ்வளவு எளிதில் ஓயவில்லை. தொழிலாளர் குடியிருப்பு ‘கூலி லயம்’ என்றே வழங்கியது. மொரீசியசில் ‘கூலித்துறை’ எனப்பட்ட இறங்குதுறை, 2006இல் உலக மரபுச் சின்னமானபோது ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயர் தாங்கியிருந்தது. ‘ஆப்ரவாசி’ என்றால் குடியேறியவர்.

பேச்சுத் தமிழிலும் ‘கூலிகள்’ என ஆட்களையே சுட்டும் வழக்கு புகுந்துவிட்டது. அது கடல் கடந்து போய்த் திரும்பிய பொருள் என்றே தோன்றுகிறது. நாட்கூலி, அரைநாட்கூலி, கூலி பாக்கி என்னும்போது மட்டும் பழைய பொருள் அப்படியே நிற்கிறது.