வெப்பமானி இல்லாத இன்ஜின்

1886ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, அதுவரை படகையும் மாட்டு வண்டியையும் நம்பிக் கிடந்த வெள்ளீயத்தைக் கடலை நோக்கி விரைந்து நகர்த்தியது. 1890இல் ஆற்றின் குறுக்கே பாலம் அமைந்ததும் இரயில் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், நாளடைவில் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர். தமிழகத்திலிருந்து வந்தோர் தண்டவாளத்திலும் பணிமனையிலும் உழைத்தனர். இவ்வளவும் நம்மவர் அறிந்த வரலாறு. அவ்வண்டிகளை இழுத்த நீராவியைப் பற்றி மட்டும் நாம் குறைவாகவே பேசுகிறோம்.

நீராவி இன்ஜினை ஓட்டுவோரின் கண்ணெதிரே இரண்டு கருவிகள் எப்போதும் இருந்தன. ஒன்று அழுத்தமானி, மற்றொன்று கொதிகலனில் நீர் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும் கண்ணாடிக் குழாய். கொதிகலனின் சூட்டை அளக்க வெப்பமானி ஏதும் இல்லை. நெருப்பையே நம்பி ஓடும் ஓர் இயந்திரத்தில் வெப்பமானி இல்லாதது விந்தையாகத் தோன்றலாம். அதற்கு அங்கே தேவையே இல்லை என்பதுதான் உண்மை.

நீரும் அதன் ஆவியும் ஒரே கலத்தில் சேர்ந்திருக்கும்வரை, அழுத்தம் இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் வெப்பநிலையும் தானே தெரிந்துவிடும். வளிமண்டல அழுத்தத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அழுத்தம் அதைப்போல் 10 மடங்கானால் 180 பாகையில்தான் கொதிக்கும். 15 மடங்கானால் ஏறக்குறைய 199 பாகையில். அழுத்தம் குறைந்தால் நேர்மாறு. கோலாலம்பூரிலிருந்து காணக்கூடிய கெந்திங் மலையில், 1,700 மீட்டர் உயரத்தில், 94 பாகையிலேயே நீர் கொதித்துவிடும். "நீரின் கொதிநிலை 100 பாகை" என்று மட்டும் எழுதும் மாணவனுக்குத் தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. இன்ஜினில் கரி அள்ளிப் போட்ட பயர்மேனுக்கு அந்த அரை உண்மை போதாது.

இவ்வறிவு ஒரே நாளில் விளைந்ததன்று. டெனி பாப்பேன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1679இல் மூடிய கலத்தில் எலும்பையும் வேகவைத்துக் காட்டினார். நம் வீட்டு அழுத்தக் குக்கருக்கு அதுவே மூதாதை. 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக், கொதிக்கும் நீர் வெப்பத்தை உண்டும் சூடேறாமல் நிற்பதைக் கண்டு, உள்ளுறை வெப்பம் என்னும் கருத்தை நிறுவினார். ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 100 கிலோகலோரி போதும். அதனை முழுதும் ஆவியாக்க மேலும் 540 வேண்டும். பயர்மேனின் முதுகை ஒடித்தது பெரும்பாலும் இந்த 540தான்! பிரெஞ்சு அரசின் ஆதரவில் ரெஞோ 1847இல் வெளியிட்ட அளவீடுகள், எந்த அழுத்தத்திற்கு எந்த வெப்பநிலை என்பதை எண்ணில் வடித்துத் தந்தன.

கொதிகலனின் பேரிடரும் இங்குதான் பிறக்கிறது. 180 பாகையில் இருக்கும் நீர், அழுத்தம் அடக்கி வைத்திருப்பதால்தான் நீராக நிற்கிறது. தகடு பிளந்து அழுத்தம் திடீரென வீழ்ந்தால், 100 கிலோகிராம் நீரில் ஏறக்குறைய 15 கிலோகிராம் நொடியில் ஆவியாகிறது. அந்த ஆவி, தான் பிறந்த நீரைப்போல் 1,600 மடங்குக்கும் மேற்பட்ட இடத்தைக் கேட்கும். எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது.

ஆகவே நெருப்பறையின் மேற்றகட்டில் ஒரு சிறு தக்கை பொருத்தப்பட்டது. அதன் நடுவே காரீயமோ வெள்ளீயமோ நிரப்பப்பட்டிருக்கும். தகட்டை நீர் மூடியிருக்கும்வரை அந்த உலோகம் நீரின் சூட்டோடு நின்றுவிடும். நீர்மட்டம் தாழ்ந்து தகடு வறண்டால், வெள்ளீயம் 232 பாகையில் உருகி வழிவிடும். ஆவி நெருப்பறைக்குள் சீறிப் பாய்ந்து ஆபத்தை அறிவிக்கும். பத்துப் பதினைந்து மடங்கு அழுத்தம் வெள்ளீயத்தின் உருகுநிலையை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட மாற்றாது. உருகும்போது பருமன் சிறிதளவே மாறுகிறது. கொதிக்கும்போதோ பன்மடங்கு பெருகுகிறது. அழுத்தத்திற்கு ஒன்று அசையாமலும் மற்றொன்று அடிபணிந்தும் இருப்பதற்கு இதுவே காரணம். 1834இல் கிளாப்பெரோன் இதற்குச் சமன்பாடு கண்டார்.

அந்த வெள்ளீயம் தூயதாக இருந்தாக வேண்டும். காரீயம் கலந்துவிட்டால் 183 பாகையிலேயே அது இளகத் தொடங்கும்; 12 மடங்கு அழுத்தத்தில் வேலை செய்யும் கொதிகலனின் நீரே அதைவிடச் சூடானது. அமெரிக்க நீராவிக் கப்பல்களுக்கான விதிகள் இத்தக்கைக்குத் தூய பாங்கா வெள்ளீயத்தையே கேட்டன. பாங்கா, சுமத்திராவை ஒட்டிய தீவு; சிலாங்கூரின் ஈயச் சுரங்கங்களும் அதே நெடிய வெள்ளீய மண்டலத்தைச் சேர்ந்தவை. கிள்ளான் பாதையில் இன்ஜின் இழுத்துச் சென்ற சரக்கும், இன்ஜினில் இருப்போரின் உயிரைக் காக்கவல்ல உலோகமும் ஒன்றே என்பதைப் பாடநூல்கள் குறிப்பிடுவதில்லை.

சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் வெட்டப்பட்ட நிலக்கரி நெடுங்காலம் இரயில்வேக்கு எரிபொருளாயிற்று. அச்சுரங்கத்திலும் தமிழர் உழைத்தனர். 1957இல் நெடுந்தொலைவு வண்டிகளை இழுக்க டீசல் இன்ஜின்கள் வந்தன. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் வண்டிகள் பிரிக்கப்பட்டும் கோக்கப்பட்டும் வந்த பழைய இரயில் முற்றத்தின்மேல் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பெற்றது.