விலாசம்: நகரத்தார் வணிகத்தில் பெயரின் மதிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் எனப்படும் நகரத்தார் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், சைகோன் ஆகிய நகரங்களில் வட்டிக்கடை நடத்தினர். கடைக்கு அலங்காரமான பெயர்ப்பலகை கிடையாது. கடையின் பெயராக இருந்தது சில எழுத்துகளே. பாட்டன், தகப்பன், பிள்ளை ஆகியோர் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து எழுதும் இதற்கு ‘விலாசம்’ என்று பெயர். அருணாசலம் ‘அரு’ என்றும், சிதம்பரம் ‘சித’ என்றும், ராமநாதன் ‘ராம’ என்றும் அதில் சுருங்குவது உண்டு. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்தால் பழைய எழுத்துகளை வைத்துக்கொண்டு தத்தம் எழுத்தைச் சேர்த்துப் புது விலாசம் தொடங்குவார்கள். ரங்கூன் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளில் நான்கைந்து எழுத்துகளும் ‘செட்டியார் ஃபர்ம்’ என்ற சொல்லும் மட்டுமே வாதியின் பெயராக நிற்கும் வழக்குகள் பல உண்டு.

இந்த எழுத்துகளே அன்றைய பெரிய முதல். ஒரு விலாசத்தார் மற்றொரு விலாசத்தாரிடம் பெருந்தொகை வாங்க நகை, நிலம் என எந்த ஈடும் வேண்டியதில்லை. ஓர் ஊர்க் கடையில் பணம் கட்டி உண்டியல் வாங்கினால், கடல் கடந்த ஊரில் உள்ள கடையில் அதைக் காட்டிப் பணம் பெறலாம். அங்கே பணம் கொடுப்பவருக்கு எழுதியவரின் முகம் தெரியாமல் இருக்கலாம். விலாசம் தெரிந்தால் போதும். தவணைக்குப் போட்ட பணமும் பெண்களின் சீதனப் பணமும் இதே நம்பிக்கையில்தான் கடைகளில் வட்டிக்கு நின்றன.

நம்பிக்கையைத் தாங்கி நின்றவை நடைமுறைகள். முதலாவது, பயிற்சி. பையன்கள் சிறு வயதிலேயே ‘பெட்டியடிப் பையன்’ ஆகக் கடையில் சேர்ந்தார்கள். முந்திரி எனப்படும் 320-இல் ஒரு பங்கு வரை பின்னங்களை மனக்கணக்காகப் போட அவர்கள் பழகியிருக்க வேண்டும். அடுத்த நிலை ‘அடுத்தாள்’. அதற்கும் மேலே, கடைப் பொறுப்பை ஏற்கும் ‘மேலாள்’. மேலாள் முதலாளியிடம் அதிகாரப் பத்திரம் பெற்று, பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கடல் கடந்து போவார். அவர் போடும் கையெழுத்து முதலாளியின் விலாசத்தைக் கட்டுப்படுத்தும். ஆகவே கணக்குப் புலமையோடு நடத்தையும் பார்த்தே ஆள் அனுப்பினார்கள். நன்றாக நடத்தியவருக்குச் சம்பளத்துக்கு மேல் லாபத்தில் பங்கு உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு சொந்தக் கடை வைத்தவர்கள் பலர்.

இரண்டாவது, கணக்கு. பேரேட்டின் தலையில் பிள்ளையார் சுழியும் ‘சிவமயம்’ என்ற சொல்லும் இருக்கும். அதன் கீழே வரவும் பற்றும் ஆள்வாரியாக நிற்கும். சுவாமிக்கு உரிய மகமையும் ஒரு கணக்காகவே எழுதப்படும். கணக்கு முடிந்ததும் ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, ஊர்க் கண். கடைகள் ஒரே தெருவில், பெரும்பாலும் கிட்டங்கி எனப்படும் ஒரே கூடத்தில் பெட்டிகளை வரிசையாகப் போட்டு நடந்தன. ரங்கூன் முகல் தெருவில் கோயிலில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டி நிர்ணயித்தார்கள். நாள் தவறிப் பணம் கொடுத்த கடையின் பெயர் அங்கேயே அடிபடும். செட்டிநாட்டு ஊர்களுக்கும் போகும். கொடுக்கல் வாங்கலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஒரே வட்டத்துக்குள் இருந்ததால், கடையின் கெட்ட பெயர் வீட்டையும் தொட்டது.

இந்த உழைப்பு இல்லாத நற்பெயரின் நிலை என்ன என்பதைச் சென்னை 1906-இல் பார்த்தது. ஆர்பத்னாட் கம்பெனி நகரின் மிக மதிப்புள்ள ஆங்கிலேய நிறுவனங்களில் ஒன்று. அரசு வட்டாரத்தில் அதற்கு இருந்த செல்வாக்கே பலருக்குச் சாட்சியாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அது திவாலானபோது ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்னாட் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். மறு ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் தொடங்கிய இந்தியன் வங்கிக்கு நகரத்தாரின் முதலீடு பெரும் துணையாக நின்றது.

பர்மாவில்தான் இந்த வணிகம் உச்சத்தைத் தொட்டது. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகக் காடுகள் நெல் வயல்களாயின. உழவருக்குக் கடன் தேவைப்பட்டது. 1929-30-இல் பர்மா வங்கி விசாரணைக் குழு அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் கடனில் நிற்பதாகவும் கணித்தது.

அங்கேதான் பெயரின் எல்லையும் தெரிந்தது. தமக்குள் ஈடு கேட்காமல் கொடுத்தவர்கள், பர்மிய உழவரிடம் நிலத்தை ஈடாகப் பெற்றே கொடுத்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடன் கட்ட முடியாத உழவரின் வயல்கள் கடைகளிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1937-இல் 25 விழுக்காடாயிற்று. நிலம் வாங்குவது அவர்கள் தொழிலன்று. விற்றுப் பணமாக்க ஆளில்லாமல் கைக்கு வந்த சுமை அது. ஆனால் வயலை இழந்தவருக்கு அந்த விளக்கம் எந்த ஆறுதலும் தரவில்லை. முகல் தெருவில் நாணயத்துக்கு எடுத்துக்காட்டான அதே பெயர், கழிமுகக் கிராமங்களில் வெறுப்புக்கு உரியதாயிற்று. தம் வட்டத்துக்குள் ஈட்டிய நற்பெயரைக் கடன் வாங்கிய மக்களிடமும் ஈட்ட அந்த அமைப்பில் வழி இருக்கவில்லை.

1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது கடைகள் மூடின. ஏராளமானோர் நடந்தே இந்தியா திரும்பினர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே புதிய வழி தேடியவர்கள் உண்டு. 1937-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அதன் கிளைகள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய ஊர்களில் ஒரே நாளில் திறந்தன. அங்கே குடும்ப எழுத்துகளின் இடத்தைப் பங்குதாரர்களும் தணிக்கையும் சட்டமும் எடுத்துக்கொண்டன. நாள் தவறாமல் கொடுப்பது, கணக்கை மறைக்காமல் வைப்பது, பலர் பார்வையில் நடப்பது ஆகிய மூன்றும் புதிய வங்கிக்கும் அப்படியே தேவைப்பட்டன.